ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண்

ஜூன் 4

அன்பு மருமகளுக்கு,

லிப்ட் இரண்டும் சுகம், அதனால் நானும் சுகம். நீ சுகமா என்பதை நீதான் எழுத வேண்டும். போனில் கேட்டால் "ஷிப்ட் இருக்கு மாமா" என்று வைத்துவிடுகிறாய்.

நீ அனுப்பிய புது போன் வந்து சேர்ந்தது. பார்சல்காரர் வாசலில் என் பெயரைச் சொன்னதும் எட்டு மாடியும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. பெட்டியைப் பிரித்தபோது என்னைச் சுற்றி நாற்பது பேராவது இருப்பார்கள். வாட்ச்மேனைக் கேட்டால் தான் ஒருவர்தான் இருந்ததாகச் சொல்வார். அவருக்குப் பார்வை கம்மி.

முப்பத்தைந்து வருஷ லிப்ட் மெக்கானிக்குக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா? நீ உள்ளே வைத்திருந்த தாளைப் படித்தேன். எட்டு விதி. அரசாங்கம்கூட இத்தனை விதி போடாது. முதல் விதி பூட்டு. ஒன்பது புள்ளியில் கோடு இழுக்கிற பூட்டு ஒன்று இருந்தது. உலகத்தில் எவனும் திறக்க முடியாதபடி இழுத்தேன். எவ்வளவு கெட்டியான பூட்டு என்றால் என்னாலேயே திறக்க முடியவில்லை. கடைக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். கடைக்காரர் "இந்த மாதிரி பூட்டு நான் பார்த்ததே இல்லை" என்று எழுந்து நின்றார்.

அடுத்து கைரேகை. கட்டைவிரலை வைத்தால் "யார் நீ" என்கிற மாதிரி ஒரு உதறல். கிரீஸிலும் இரும்புக் கயிற்றிலும் தேய்ந்த ரேகை அல்லவா! ஒன்பது விரலைத் தள்ளிவிட்டு இடது சுண்டுவிரலைத்தான் ஒப்புக்கொண்டது. என் உடம்பில் உழைக்காத விரல் அது ஒன்றுதான் என்று கண்டுபிடித்துவிட்டது, கெட்டிக்காரப் போன்.

பிறகு, ஆபத்து வந்தால் யாரை அழைக்க வேண்டும், ஒரு எண் கொடு என்று கேட்டது. கொஞ்ச நேரம் யோசித்தேன். என் எண்ணையே கொடுத்தேன். இந்தக் கட்டடத்தில் யாருக்கு ஆபத்து என்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், எனக்கு என்றால் நானும் என்னைத்தான் கூப்பிட வேண்டும். ஆறு வயசுப் பிள்ளை லிப்ட் குழிக்குள் விழுந்தபோது, இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில் குதித்துத் தூக்கி வந்தவன் நான்.

எழுத்து மட்டும் ஏனோ ரொம்பப் பெரிசாக வைத்து வந்திருக்கிறது. எனக்கென்ன கண்ணா மங்கிவிட்டது? பரவாயில்லை, மாற்றவில்லை.

அன்றைக்குக் குழியில் விழுந்த அந்தப் பிள்ளை, என் மகன் பம்பரம், உன் ஊர் காய்கறி மார்க்கெட்டில்தான் ஏலம் விடுகிறான் என்று கேள்வி. அவனைப் பற்றி நான் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் பேசுவதை எவனாவது ஒட்டுக் கேட்பான் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஆகவே ரகசியங்கள் இனி தபாலில்.

இப்படிக்கு,
எட்டு மாடிக்கும் ஒரே ஆளான உன் தாய்மாமன்

*

ஜூன் 15

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மாத்திரை ஆலையின் சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் இருந்தவள் "சினிமாக் கதையாடி?" என்றாள். எங்கள் போனையெல்லாம் வாசலிலேயே பெட்டியில் போட்டுவிட வேண்டும். கடிதத்துக்கு இன்னும் யாரும் தடை போடவில்லை, அதனால் எழுதுங்கள்.

பூட்டு விஷயம் நல்லது. ஆபத்துக்கு உங்கள் எண்ணையே கொடுத்ததை இங்கே ஒருவரிடம் சொன்னேன். சிரித்தார். சிரித்துவிட்டு, அதை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். மாமா, தயவுசெய்து வேறு யாராவது ஒருவர் எண்ணைப் போடுங்கள். நீங்கள் மயங்கிக் கிடந்தால் உங்கள் போன் உங்கள் பையிலேயே அடித்து என்ன பயன்?

விதிகளை மறுபடி சொல்கிறேன். தாளை வாட்ச்மேனிடம் காட்டிப் பெருமை அடிக்காமல் அலமாரியில் வையுங்கள். போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது, வங்கி என்றாலும் போலீஸ் என்றாலும். தெரியாதவர் அனுப்பும் எதையும் தொட்டுத் திறக்கக் கூடாது. யார் என்ன விசாரித்தாலும் உங்கள் பெயர், வேலை, வீட்டில் யார் யார் என்று கதையாகச் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது. இது உங்களுக்குத்தான் கஷ்டம் என்று தெரியும்.

ஏழாவது விதிதான் முக்கியம். இப்போது நம் மனிதர்களின் குரலையே இயந்திரத்தில் செய்து பேச வைக்கிறார்கள். "அப்பா, ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்று அழுதால் யாருக்குத்தான் பதறாது? அதனால் குடும்பத்துக்கு மட்டும் தெரிந்த கேள்வி ஒன்றை வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். எல்லா அழைப்பும் தானாகப் பதிவாகிற மாதிரி வைத்தே அனுப்பியிருக்கிறது.

ஆனால் மாமா, தெரியாத எண்களை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள். நம் ஆட்களே சில சமயம் புது எண்ணிலிருந்து கூப்பிடலாம். கூப்பிட்டால், பேச நினைத்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் கேட்காத விஷயத்துக்கு நானும் பதில் எழுதவில்லை. எழுதவில்லை என்பதைத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

*

ஜூன் 28

அன்பு மருமகளுக்கு,

நாற்காலியில் நன்றாக உட்கார்ந்துகொண்டு படி. உன் மாமன் ஒரு சர்வதேச மோசடிக் கூட்டத்தைப் பிடித்துவிட்டான். பிடித்துவிட்டான் என்றால் கையில் அல்ல, காதில்.

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் நாலு மணி. மொட்டை மாடி மோட்டார் அறையில் கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத எண். எடுத்தேன். "அப்பா, நான்தான்" என்கிறான்.

பம்பரத்தின் குரல் உனக்குத் தெரியுமே. சந்தையில் அவன் "ஒரு தரம்" என்றால் நாலு தெரு தள்ளி வண்டி நிற்கும். வெண்கலம். இது தகரம். துருப்பிடித்த கீல் மாதிரி கரகரவென்று, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. இயந்திரத்துக்கு இன்னும் சரியாகப் பழக்கம் வரவில்லை போலிருக்கிறது. "ஆஸ்பத்திரியில இருக்கேன்பா" என்றான். நீ எழுதினது எழுதினபடி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உடனே ஏழாவது விதி. கேட்டேன்: "அப்படியா ராஜா, நீ லிப்ட் குழியில விழுந்தியே, இறங்கி உன்னைத் தூக்கினது யாரு?"

திணறிவிட்டான். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்: "அம்மா."

மூன்று ஆள் ஆழத் தண்ணீரில் குதித்தவன் நான். இதுகூடத் தெரியாமல் மகன் வேஷம் போட வந்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தேன். என்னிடமா காதில் பூச்சுற்றுகிறாய் என்று நான் போட்ட போட்டில் அந்தக் கூட்டமே தொழிலை மாற்றிக்கொண்டிருக்கும். வைத்துவிட்டு பிளாக். பத்து நிமிஷத்தில் வேறொரு எண்ணிலிருந்து வந்தது. அதுவும் பிளாக். பிறகு உன் பேச்சை மீறி, தெரியாத எண் எல்லாவற்றையும் ஒரே அடியாக அடைத்துவிட்டேன். இப்போது என் போன் கோட்டை மாதிரி. நாலு நாளாக ஒரு ஈ உள்ளே வரவில்லை.

கட்டடம் முழுக்க இதே பேச்சு. என் படத்தோடு வரவேற்பறையில் விழிப்புணர்வுப் பலகை வைக்கப் போகிறார்கள். நான்தான் வேண்டாம் என்று தடுத்து வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு ஒரு சின்னத் தவறு மட்டும் நடந்தது. எண்ணெய் விடுவதற்காக அணைத்த மெயின் சுவிட்சைப் போடாமல் இறங்கி வந்துவிட்டேன். மூன்றாம் மாடி வக்கீல் முக்கால் மணி நேரம் லிப்டுக்குள் நின்றார். நான் கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேனாம், வாட்ச்மேன் வந்து தோளைத் தட்டினாராம். எனக்கு ஞாபகம் இல்லை. என் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவை. சூடு அதிகம் அன்றைக்கு.

இப்படிக்கு,
மோசடிக்காரர்களின் எமனான உன் தாய்மாமன்

*

ஜூலை 8

மாமாவுக்கு,

மூன்று முறை உங்கள் எண்ணை அழுத்தி, மணி அடிப்பதற்குள் நானே வைத்துவிட்டேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

அது அத்தான்தான்.

அவருக்குத் தொண்டையில் புற்று. ஏழெட்டு மாதமாகவே குரல் கம்மிக்கொண்டு வந்தது. ஏலம் கத்துகிறவனுக்குத் தொண்டை கட்டுவது சகஜம் என்று மிளகை மென்றுகொண்டு திரிந்தார். தெரிந்தபோது குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள். இருபத்தைந்தாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். முதல் நாள் டாக்டர், "யார்கிட்ட எல்லாம் பேசணுமோ இன்னிக்கே பேசிடுங்க" என்றார்.

ஒரு துண்டுத் தாளில் ஆறு பேர் எழுதி வைத்திருந்தார். முதல் பெயர் நீங்கள். உங்களிடம் சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன் என்று என் வாயைக் கட்டியிருந்தார். இரண்டாவதாக வந்த எண், வார்டு நர்ஸ் அக்காவுடையது. கெஞ்சி வாங்கினார். அதற்குப் பிறகு தாளை மடித்து வைத்துவிட்டார். மீதி ஐந்து பேரையும் கூப்பிடவில்லை. மறுநாள் உள்ளே போகும் வரை யாரிடமும் பேசவில்லை. இனிமேல் பேசவும் முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போனை வாங்கினது நான் இல்லை. அத்தான்தான். கடையில் நின்று எழுத்தைப் பெரிதாக்கி வைத்ததும் அவர்தான். "அவரு கண்ணாடி வாங்க மாட்டார், வாங்கினா வயசாச்சுன்னு ஒத்துக்கணுமே" என்றார். அந்த எட்டு விதியும் அவர் சொல்லி நான் எழுதினது. ஏழாவதும்தான். "அப்பா பெருமை பேசிப் பேசி எவன்கிட்டயாவது ஏமாந்துடுவாரு. என் பேரைச் சொல்லி அழுதா கட்டாயம் ஏமாந்துடுவாரு. கேள்வி கேட்கச் சொல்லு" என்றார்.

குழியில் இறங்கினது அத்தை. எங்கள் எல்லோருக்கும் தெரியும் மாமா. நீங்கள் சொல்லும்போதெல்லாம் அத்தையே சிரித்துக்கொண்டு "ஆமா, அவர்தான்" என்பார்கள், அதனால் நாங்களும் தலையாட்டினோம். அத்தை போன மறுவாரம், துக்கம் கேட்க வந்தவர்கள் நடுவில் நீங்கள் மறுபடி அதே கதையை ஆரம்பித்தீர்கள். "இறங்கினது அம்மா. இன்னிக்காவது சொல்லுங்கப்பா" என்று அத்தான் கேட்டார். நீங்கள் வாசலைக் காட்டினீர்கள். நாலு வருஷம்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். முழுவதும் படித்தார். வக்கீல் மாட்டிக்கொண்ட இடத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு பலகையை எடுத்து எழுதினார்: "நான் சொன்னபடிதானே செஞ்சிருக்கார். பத்திரமா இருக்கட்டும்."

மருமகள்

*

ஜூலை 24

மாமா,

பதினாறு நாளாகப் பதில் இல்லை. போன் செய்தால் எடுக்கிறீர்கள், "சரிம்மா" என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் ஒரே வார்த்தையில் பேசி நான் கேட்டதே இல்லை. பயமாக இருக்கிறது. திட்டியாவது எழுதுங்கள்.

அத்தான் வீட்டுக்கு வந்துவிட்டார். கழுத்தில் ஒரு துளை, அது வழியாக மூச்சு. நீங்கள் வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். பலகையைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மருமகள்

*

ஆகஸ்ட் 9

மருமகளுக்கு,

லிப்ட் இரண்டும் சுகம்.

இதைக் கூட்டாமல் எழுத வேண்டும் என்று நாலு தாள் கிழித்தேன். கை தானாகக் கூட்டுகிறது. இது ஐந்தாவது தாள்.

அன்றைக்கு மழை பெய்து லிப்ட் குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. இறைப்பதற்காகக் கீழ்த்தளக் கதவைத் திறந்தேன். அது விட்டால் தானாக மூடிக்கொள்கிற கதவு. கட்டை வைத்துவிட்டு, வாசலில் பெருமை பேசிக்கொண்டு நின்றேன். பிள்ளை விழுந்த சத்தம் கேட்டு ஓடி வந்தேன். கட்டை நகர்ந்து கதவு மூடப் பார்த்தது. பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது. ஏணி என் காலடியில் இருந்தது. ஒவ்வொரு படியும் நான் மாட்டினது. கால் இறங்கவில்லை. உன் அத்தை என்னைத் தள்ளிவிட்டு இறங்கினாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தண்ணீர் எனக்கு இடுப்பளவு இருந்திருக்கும். அவளுக்கு மார்பளவு.

பிள்ளையை என் கையில் ஏற்றிக் கொடுத்தாள். அந்த நேரம் பார்த்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் இன்னும் குழிக்குள்ளே, பிள்ளை என் கையில். "அப்பன் காப்பாத்திட்டான்யா" என்றார் ஒருவர். நான் இல்லை என்று சொல்லவில்லை. அவள் ஈரத்தோடு மேலே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "ஆமா, அவர்தான்" என்றாள். அன்றைக்கு அவள் இரண்டு பேரைக் காப்பாற்றினாள். பிறகு வருஷா வருஷம் நான் தண்ணீரை ஏற்றிக்கொண்டே போனேன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நீ என்னை மன்னிக்க வேண்டாம், தெரிந்துகொண்டால் போதும். "அப்பா, நான்தான்" என்றபோது எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது, அது பொய்யில்லை. ஆனால் "அம்மா" என்றான் பார், அப்போது தெரிந்துவிட்டது. உலகத்தில் எந்த இயந்திரமும் என்னிடம் அந்தப் பதிலைச் சொல்லாது. தெரிந்துதான் சிரித்தேன். தெரிந்துதான் வைத்தேன். கையில் உன் ஏழாவது விதி இருந்தது, அதைக் கதவு மாதிரிப் பிடித்துக்கொண்டேன். மற்றபடி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

அந்த அழைப்பு போனில் பதிவாகி இருக்கிறது. ஒரு நிமிஷம் பன்னிரண்டு வினாடி. அதில் முக்கால்வாசி என் சத்தம்தான். அவன் பேசினதைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். "அப்பா, நான்தான்." "ஆஸ்பத்திரியில இருக்கேன்பா." நடுவில் ஒன்று சொல்லியிருக்கிறான், உனக்கு அதை எழுதாமல் விட்டேன்: "ஒண்ணும் வேணாம்பா, சும்மா பேசணும்னுதான்." பிறகு "அம்மா."

அது கடைசி வார்த்தை இல்லை. என் சிரிப்புக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. போனைக் காதோடு அழுத்தி வைத்து, பதினோராவது தடவையில்தான் பிடிபட்டது.

"ஆனா கதவைப் பிடிச்சிட்டிருந்தது நீங்கதான்பா. வெளிச்சம் வந்துச்சு."

இதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறான் என்று நினைக்கிறேன். நான் கேட்காமலே சொல்லியிருப்பான். பேசி முடிக்கிற வரைக்கும் பொறுங்கள் என்று நீ எழுதியிருந்தாய்.

போன் தொலைந்தால் தொலையட்டும், இந்தப் பதிவு தொலையக் கூடாது. எங்கே, எப்படிப் பத்திரமாக வைப்பது என்று எழுது. அவனிடம் போட்டுக் காட்ட வேண்டுமா என்று நீயே முடிவு செய். என் சிரிப்பும் அதில் இருக்கிறது.

அடைத்ததையெல்லாம் திறந்துவிட்டேன். இப்போது லாட்டரிக்காரன், வங்கிக்காரன், வீட்டு மனைக்காரன் எல்லோரும் வருகிறார்கள். எல்லோரையும் எடுக்கிறேன். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் கேட்கிறேன். அவர்களே அலுத்துப்போய் வைத்துவிடுகிறார்கள். ரகசியக் கேள்வியை எடுத்துவிட்டேன். இனி யாரையும் கேள்வி கேட்பதில்லை.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஒன்று வந்தது. திரையில் எண் எதுவும் வரவில்லை. எடுத்தேன், யாரும் பேசவில்லை. குழாயில் காற்று போவது மாதிரி ஒரு சத்தம், போய்ப் போய் வந்தது. பேசாத அழைப்பை உடனே வெட்ட வேண்டும் என்பது உன் மூன்றாவது விதியோ நாலாவதோ. நான் வெட்டவில்லை. என் பெயரைச் சொன்னேன். வேலையைச் சொன்னேன். உன் அத்தை பெயரைச் சொன்னேன். பிறகு குழிக் கதையைச் சொன்னேன், தண்ணீர் இடுப்பளவு என்று. ஆறு நிமிஷம். சொல்லி முடிக்கும் வரை அந்தச் சத்தம் இருந்தது. பிறகு வைத்துவிட்டார்கள்.

அது யாரோ. ஏமாற்றுகிற எவனாகவும் இருக்கலாம். நீ பம்பரத்திடம் விசாரிக்க வேண்டாம். இல்லை என்று அவன் எழுதிவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஆபத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணை மாற்றிவிட்டேன். பிளாக் பண்ணின இரண்டில் முதலாவது எது என்று தேடிப் போட்டிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் போன் அவனைத்தான் கூப்பிடும். அவன் பேச வேண்டியதில்லை. எடுத்தால் போதும். எடுக்காவிட்டாலும் சரி.

மாமா